யாவி செ

கடற்கரை வீதியிலிருந்து என் மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டு ஒழுங்கைக்குத் திரும்பும் மூலையில் ஒரு வேப்பமரமும் ஒரு மின்கம்பமும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அவளுடைய கணவர், என் மச்சான், அந்த இடத்துக்கு வந்ததும் மோட்டார் சைக்கிளின் ஹோர்னை மிகக் குட்டையாக ஒருமுறை அழுத்துவார். ஆடுகள் மறித்தாலும் அழுத்துவார். ஒழுங்கை வெறிச்சென்று கிடந்தாலும் அழுத்துவார். தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்குக் கேட்டும் கேளாமலும் போய்விடும். குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் ராத்தாவின் கை மட்டும் நின்றுபோகும். எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கேற்றைத் திறக்கப் போவாள். கேற் பூட்டிக் கிடப்பதில்லை. இறங்கி அவரே தள்ளிக்கொண்டு வரலாம். ஒருநாளும் அவர் அப்படி வந்ததில்லை. ஒருநாளும் அவள் எழும்பாமல் இருந்ததுமில்லை. இதைப் பற்றி அவர்கள் இருவரும் ஏதாவது பேசி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்து சேருவான். அப்படித்தான் மச்சான், ஒரு தோல் பெட்டியோடும் டைல் வெட்டும் ஆயுதங்கள் நிறைந்த ஒரு சாக்கோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். மேசன் வேலைக்காரரை இங்கே பாஸ் என்போம். அவர் டைல் பதிக்கிற பாஸ். கல்முனையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் எத்தனையோ வீடுகளின் தரை அவருடைய முழங்கால்களின் கீழ் இருந்து எழும்பி வந்தது. பிறகு கட்டார், பிறகு சவூதி. கடைசியாகக் கொழும்பில் யாரோ ஓர் ஏஜென்சிக்காரன் காட்டிய வழியில் சேர்பியா. ஊரில் வயதானவர்கள் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. பள்ளிவாசல் முன்றலில் என்னைக் கண்டால், “யூகோஸ்லாவியாக்குப் போன மாப்பிள்ளை எப்பிடி மகன்?” என்றுதான் கேட்பார்கள். இல்லாமல் போன ஒரு நாட்டுக்கு ஒரு மனிதரை அனுப்பிவைத்திருக்கிறோம் என்ற நினைப்பு அந்தக் கேள்வியில் எனக்கு எப்போதும் வரும். அப்போது அதை ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்தேன்.

லீவில் வந்து நின்ற ஒரு காலையில் மீன் வாங்க என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வினாயகபுரம் வரைக்கும் போனார். காரைதீவைத் தாண்டும்வரை எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். கையைத் தூக்குவார், அல்லது ஹோர்னை அழுத்துவார், அல்லது தலையை மட்டும் ஒரு வெட்டு வெட்டுவார். நான் சொற்களைப் பொறுக்கித் திரிகிறவன். அந்த நாட்டுப் பாஷையில் எனக்கு ஒரு சொல் தரும்படி கேட்டேன். “தூசணம் வேணுமா, நல்ல வார்த்தை வேணுமா மச்சான்? தூசணம் எண்டா நிறையக் கிடக்கு,” என்றார். நல்ல வார்த்தை கேட்டேன். நெல் வெட்டி முடிந்த வயல்களில் கொக்குகள் நின்றன. பிறகு, காற்றில் எனக்குக் கேட்கவேண்டும் என்று தலையைத் திருப்பி, “யாவி செ,” என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்பதை அவரால் ஒரே சொல்லில் சொல்ல முடியவில்லை. “போன் அடிச்சா எடுக்கிறதுக்கும் யாவி செ. போய்ச் சேந்திட்டன் எண்டு வீட்டாக்களுக்குச் சேதி செல்றதுக்கும் யாவி செ. இப்ப அவருக்குக் கையத் தூக்கினன் கண்டியளா, அதுக்கும் அதுதான். ஆளக் கண்டுட்டு சும்மா போனா, இவன் எனக்கு அதச் செய்யல்ல எண்டு அவனுகளும் கோவிப்பானுகள், நம்மட ஆக்களப் போல.” வேலை முடிந்து பிரியும்போதும் அதையே சொல்லிக்கொள்வார்களாம். அப்படியென்றால் நீங்கள் மூலையில் அடிக்கிற ஹோர்னும் அதுதானா என்று கேட்டேன். முதுகு குலுங்கியது, சிரித்திருக்க வேண்டும். “அது உங்கட ராத்தாக்கு மட்டும் விளங்குற பாஷ,” என்றார்.

சொல் என்னை விடவில்லை. அவருக்கு அதன் இரண்டு மூன்று வடிவங்கள்தான் தெரியும். மிச்சத்தை நான் போனில் தேடிப் படித்தேன். யாவிம் செ, நான். யாவிஷ் செ, நீ. யாவி செ, அவன் அல்லது அவள். யாவிமோ செ, நாங்கள். யாவிதே செ, நீங்கள். யாவே செ, அவர்கள். கூடவே ஓடி வரும் அந்தச் சின்ன ‘செ’யில்தான் என் மனம் சிக்கியது. அது தன்னை என்று சொல்கிற சொல். அதை எடுத்துவிட்டால் வினை வெறும் சேதி சொல்வதாகிவிடும்; யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் சேதி சொல்லலாம். அது ஒட்டியிருந்தால்தான் ஒருவன் தன்னையே மற்றவரிடம் கொண்டுவந்து வைக்கிறான்: இதோ இருக்கிறேன் என்று. இன்னொன்றையும் படித்தேன். இந்த வினையின் நிகழ்காலம் தனியே நிற்கப் பிரியப்படாது. போய்ச் சேர்ந்ததும், நேரம் கிடைத்ததும், விடிந்ததும் என்று வேறொரு வாக்கியத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் வரும். எங்கள் வாசல்களில் பயணம் போகிறவர்கள் சொல்வதும் அப்படித்தானே. போய்ச் சேந்ததும் போன் எடுக்கன் உம்மா. இறங்கினதும் எடுக்கன். அந்த நாட்களில், சேர்பியாவில் எனக்கு ஒரு ஒழுங்கை சொந்தமானதுபோலப் பெருமையாக இருந்தது.

அந்த லீவில் மச்சான் வீட்டின் பின்வளவில் ஓர் அத்திவாரம் போட்டார். அவர்களுக்கு ஒரே மகள். கலியாணத்தோடு வீடு அவளுக்குப் போகும். அதுதான் இங்கே முறை. மருமகன் வந்து நிறைந்த வீட்டில் ஒதுங்கிக் கிடக்க வேண்டாம் என்று தனக்கும் ராத்தாவுக்கும் பின்னால் இரண்டு சின்ன அறைகள் நினைத்திருந்தார். டைல் பெட்டிகள்கூட வாங்கி அடுக்கியாயிற்று. சுவர் எழும்பவில்லை. லீவு முடிந்து போனார். சில மாதங்களில் அங்கே அவருடைய வேலைத்தளம் நின்றுபோனது. கொம்பனிக்காரன் வாசலைப் பூட்டிவிட்டான். அனுமதிக் காலமும் முடியப் பார்த்தது. திரும்பி வந்துவிடச் சொல்லி ராத்தா கெஞ்சினாள். அத்திவாரத்தில் புல் முளைக்கவிட்டு எப்படி வருவது என்று அவர் சிரித்தார். கூட வேலை செய்த சிலர் எல்லையைக் கடந்து இத்தாலிப் பக்கம் போவதாகவும் தானும் சேர்ந்துகொள்வதாகவும் சொன்னார். ஒரு காலை நேரம், ராத்தாவின் போனுக்கு அவருடைய குரல் வந்தது. பின்னணியில் பேருந்துச் சத்தம். “போய்ச் சேந்ததும் எடுக்கன். நீங்க யோசிக்காம இரிங்க. மகளுக்குச் செல்லுங்க.” அதுதான் கடைசி.

அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரிக்குச் சேர்பிய மொழி தவிர வேறொன்றும் தெரியாது. தன் நம்பரோடு அவளுடைய நம்பரையும் மச்சான் எங்களிடம் தந்திருந்தார். முதல் தடவை அவளுக்குப் போன் எடுத்தபோது மளமளவென்று என்னவோ சொன்னாள். அந்த வெள்ளத்தில் என் சொல் ஒன்று மட்டும் மிதந்து வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். “யாவியோ செ?” என்று கேட்டேன். தொடர்புகொண்டாரா, சத்தம் தந்தாரா, உங்களிடமாவது தன்னைக் காட்டினாரா, எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருந்தன. “நியே,” என்றாள். இல்லை. பிறகு கொஞ்சம் மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல, “யாவிச்செ செ.” அது எதிர்காலம். சத்தம் தருவார். அவள் எழுதி அனுப்பிய வரிகளைப் போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்தால், ‘அவர் தன்னைத்தானே அறிவிக்கவில்லை’ என்று வரும். மச்சான் ஏதோ தேர்தலில் நிற்கப்போகும் கட்சிக்காரர்போல. ராத்தாவின் மகள் அதை வாசித்துவிட்டு முதலில் சிரித்தாள், பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு ராத்தா வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணுக்கு எடுப்பது என் வேலையாயிற்று. ராத்தா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு முழு நாட்டின் ஆறுகளிலும் காடுகளிலும் பொலிஸ் நிலையங்களிலும் தேடவேண்டியதை நான் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தேன். அதைக் கேள்வியாக்கினேன், இறந்தகாலமாக்கினேன், அவளிடமிருந்து எதிர்காலமாகத் திரும்ப வாங்கினேன். கொழும்புக்குப் போய், காணாமல் போனவர்களைப் பதியும் ஒரு மேசையில் போட்டோ கொடுத்தோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர், சேதி வந்தால் அறிவிப்போம் என்றார். ஏஜென்சிக்காரனின் கதவில் வேறொரு பெயர்ப் பலகை தொங்கியது. கூடப் போனவர்களில் ஒருவன் நெடுநாளைக்குப் பின் ஒரு தடவை எடுத்தான். ஆற்றங்கரையில் இருட்டில் ஆளுக்கொரு பக்கம் சிதறியதாகவும் அதன்பிறகு பாஸைக் காணவில்லை என்றும் சொன்னான். ஆற்றில் இறங்கினாரா என்று கேட்டேன். “தெரியா நானா. ஓடினதுதான் தெரியும்,” என்றான். அழுதான். அவனை நான் தேற்றவேண்டியதாயிற்று.

ஊர் தன் பாட்டுக்கு ஒரு முடிவு கட்டியது. அங்கே ஒருத்தியை முடித்துக்கொண்டு இருக்கிறார், அதுதான் எடுப்பதில்லை என்று ஒரு கதை. மீன்கடையில் ஒருவர் என் முகத்துக்கு நேரேயே பகிடியாகச் சொன்னார்: வெள்ளைக்காரியின் கையால் ஆணமும் சோறும் தின்றவன் ராத்தாவின் ஆணத்துக்கு வருவானா. என் கோபத்தை நான் ராத்தாவிடம் கொண்டுபோய்க் கொட்டியிருக்கக்கூடாது. அவள் கிணற்றடியில் உடுப்புப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்து உதறி, கயிற்றில் போட்டு, மடிப்பை எல்லாம் நேராக்கிவிட்டுத்தான் பேசினாள். “அப்பிடி எண்டாலும் நல்லம் தம்பி. உசிரோட இரிக்கார் எண்டுதானே அதுக்கு அருத்தம்.”

இந்த நிலையில்தான் மகளுக்கு மாப்பிள்ளை பொருந்தியது. மருதமுனைப் பையன், பேச்சு வார்த்தை மச்சான் இருக்கும்போதே தொடங்கியது. அவர்கள் நல்ல ஆட்கள், ஒரு வருடத்துக்கும் மேல் பொறுத்துப் பார்த்தார்கள். இனியும் தள்ளினால் சரியில்லை என்றார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. நிக்காஹில் பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பு வாப்பாவினுடையது, தகப்பனுடையது; அவர்தான் அவளுக்கு வலீ. அவர் வெளிநாட்டில் என்றால் போனில், நிக்காஹை நடத்திவைக்கும் காதியாருக்கு வாய்மொழியாகப் பொறுப்புக் கொடுப்பார். கட்டாரிலிருந்தும் குவைத்திலிருந்தும் வாப்பாமாரின் குரல்கள் சபை நடுவே வைத்த போனில் வந்து விழுவது எங்கள் ஊர்களில் புதினமில்லை. வாப்பா மௌத்தாகிவிட்டார் என்றால், பிள்ளைக்கு உடன்பிறந்த ஆணும் இல்லை, பாட்டனாரும் இல்லை என்பதால், வாப்பாவின் சகோதரர் நிற்கலாம். உயிரோடு எங்கோ இருக்கிறார், எட்ட முடியவில்லை என்றால் சகோதரர் நிற்க முடியாது, காதியார்தான் நிற்பார். ஆக, நிக்காஹ் மஜ்லிஸில் அந்தப் பாயில் யார் உட்காருகிறார் என்பதே மச்சான் இருக்கிறாரா இல்லையா என்பதை ஊருக்குச் சொல்லிவிடும்.

மச்சானின் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, வந்தார். தம்பியைப்போலவே நீண்ட கைகள். பேசும்போது அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் அடுக்கிக்கொள்வார். கெட்ட மனிதரல்ல. தம்பியின் பிள்ளையைத் தன் கையால் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. அதோடு தம்பிக்காக, இறந்தவர்களுக்குத் தொழும் ஒரு ஜனாஸாத் தொழுகைகூட நடக்கவில்லையே என்ற அரிப்பு. உடல், அந்த மையித்து, இல்லாமலே தொழலாம் என்றார். சுனாமியாய்க் கடல் வந்த வருடத்தில் அவர்களுடைய உம்மா போனதை நினைவுபடுத்தினார். “உம்மாட மையித்தும் கிடைக்கல்லதானே. தொழல்லயா நாங்க? மனசு அதுக்குப் பொறகுதானே அடங்கின.” அந்தத் தொழுகை நடந்தால் ராத்தா வெள்ளை உடுத்தி, விதவை வெளியே வராதிருக்கும் இத்தாவில் உட்கார வேண்டும், கலியாண நாளில் அறைக்குள் இருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ராத்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மாமியக் கடல் கொண்டுபோனத்த ஊரே கண்ட மச்சான். இவர ஆர் கண்ட?” என்றாள். காக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் நடுவில் இருந்தேன். எனக்கு அவருடைய பக்கமும் விளங்கியது, ராத்தாவின் பக்கமும் விளங்கியது. விளங்கி என்ன செய்ய. காக்காவுக்கும் எனக்கும் இடையில் பாயின்மேல் தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை பிடித்தது. முடிவு ஏதும் எட்டாமலே எழுந்து போனார். போகும்போது பின்வளவு அத்திவாரத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். அதன்மேல் அடுத்த வீட்டு ஆடு ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

நிக்காஹ் வீட்டில்தான் நடந்தது. முன் மண்டபத்தில் பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்; அந்தத் தரையை மச்சான்தான் பதித்தார். பெண்கள் திரைக்கு அப்பால் அறையில். காக்கா வெள்ளை ஜுப்பாவும் புதுத் தொப்பியுமாய், காவின் பதிவு எழுத வந்த காதியாருக்குப் பக்கத்தில் முழங்கால் மடித்து உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை. பெண்ணின் வலீ யார் என்று காதியார் கேட்டார். அது சடங்குக் கேள்வி. அவருக்கு எல்லாம் தெரியும். காக்கா வாயைத் திறக்கப் போன நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து மணப்பெண்ணின் குரல் வந்தது. எங்கள் வழக்கத்தில் அந்த நேரம் பெண் பேசுவதில்லை. “மாமா,” என்று என்னைத்தான் கூப்பிட்டாள். “வாப்பாட நம்பருக்கு ஒருக்கா எடுங்க. எடுத்துட்டுக் காவின எழுதட்டும்.”

சபையில் ஒரு முணுமுணுப்பு எழும்பி அடங்கியது. காதியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த நம்பரை எடுத்தால் என்ன வருமென்று எனக்கும் ராத்தாவுக்கும் அவளுக்கும் தெரியும். எத்தனையோ தடவை கேட்டது. அங்கே இருந்த மற்றவர்கள் யாரும் கேட்டதில்லை. போனைப் பாயின் நடுவில், மாப்பிள்ளையின் மஹர் பணம் வைத்திருந்த தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, எடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. காக்காவின் நீண்ட விரல்கள் ஜுப்பாவின் ஓரத்தை மடித்து மடித்து விட்டன. பிறகு சேர்பிய போன் கொம்பனியின் பதிவுப் பெண்குரல், தெளிவாக, மரியாதையாக, யாருக்கும் சொந்தமில்லாத குரல். ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம், “பொம்புள எடுக்காளே,” என்றார். அந்தக் குரலின் முதல் வாக்கியத்தின் வாலில் என் சொல் வந்தது: டா செ யாவி. அவர் தன்னைத் தரும் நிலையில் இல்லை. இரண்டாவது வாக்கியம், தயவுசெய்து பிறகு அழையுங்கள். அது இரண்டையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யூகோஸ்லாவியாவின் பாஷை தெரிந்த ஒரே ஆள் நான்.

“தம்பி,” ராத்தாவின் குரல் திரையின் ஓரத்திலிருந்து வந்தது. அவளுக்குத் தெரியாததல்ல. இருந்தும் கேட்டாள், சபைக்குக் கேட்கும்படி. “என்ன செல்றாங்க?”

“இப்ப எடுக்க ஏலாதாம் ராத்தா,” என்றேன். “பொறகு எடுக்கட்டாம்.”

“அப்ப காதியாரே நிக்கட்டும்,” என்றாள்.

போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த என் விரல் போகவில்லை. காக்காதான் கையை நீட்டி, அந்தத் தம்பியின் கை போன்ற கையை நீட்டி, போனின் திரையை மெதுவாகத் தொட்டு நிறுத்தினார். பிறகு முழங்கால்களைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, காதியாருக்கு முன்னால் இடம் விட்டுக் கொடுத்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “ஓம்,” என்றார். “அப்பிடியே செய்ங்க.”

மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அவனுக்கு மச்சானின் மோட்டார் சைக்கிளைக் கொடுத்தோம். அதுவரை பற்றரி செத்துப்போகாமலிருக்க நான்தான் இடைக்கிடை எடுத்து ஓட்டுவேன்; அந்த மூலைக்கு வரும்போது கை ஹோர்னுக்குப் போய்விடாமல் விரல்களை இறுக்கிக்கொள்வேன். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. யாரும் சொல்லவில்லை, என்னவென்று சொல்வது. சேர்பியாக்காரிக்கு இப்போதும் நான் எடுக்கிறேன். இடைவெளி கூடிவிட்டது. நான் கேட்பதற்கு முன்னாலேயே அவள் சொல்லிவிடுகிறாள், நியே. பிறகு அந்த எதிர்காலத்தை. அவளுக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை போலும்.

போன வாரம் ஒரு பின்னேரம் நான் ராத்தா வீட்டுக் குசினி வாசலில் உட்கார்ந்திருந்தேன். ராத்தா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மூலையில் ஹோர்ன் அடித்தது, குட்டையாக, ஒருமுறை. ஆடு மறித்திருக்கும். அந்த மோட்டார் சைக்கிளின் தொண்டை மாறவில்லை. ராத்தாவின் கை நின்றது. எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் ஒட்டிய தேங்காய்ப்பூவோடு முற்றத்தைக் கடந்து கேற்றடிக்குப் போனாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆறு வடிவங்களும் மூன்று காலங்களும் தெரிந்த வாய் திறக்கவில்லை. மருமகன் இறங்காமலே உள்ளே வந்து, வெட்கப்பட்டுப்போய், “நீங்க ஏன் மாமி எழும்பின, நான் திறப்பன்தானே,” என்றான்.

“இரிக்கட்டும் மகன்,” என்றாள். “அந்த மூலையில வரக்குள்ள எப்பயும் ஹோர்ன அடிச்சிட்டு வாங்க.”

அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். மோட்டார் சைக்கிளின் சூடான இஞ்சின் முற்றத்தில் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து தினமும் அவன் அடிக்கிறான், அவள் போகிறாள். அவன் உள்ளே வந்த பிறகும் கேற்றை உடனே சாத்துவதில்லை. ஒரு கதவைக் கையில் பிடித்தபடி, வேப்பமரமும் கம்பமும் சாய்ந்து நிற்கும் அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பின்னால் இன்னும் ஒருவர் வரவேண்டியிருப்பதுபோல.